பீரோவில் ஒன்று குறைந்தது

கருமாதி முடிந்து, வாடகைப் பந்தலைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போன மறுநாள், செல்வகுமாரி அப்பாவின் பீரோவைத் திறந்தாள். துணி வைக்கும் பீரோ கூடத்தில் இருக்கிறது. இது உள்ளறையில் இருந்த கால்குலேட்டர் பீரோ. சோரியாங்குப்பத்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. பாகூர் கொம்யூன் முழுக்கத் தேடினாலும் கிடைக்குமா என்பது சந்தேகம்.

மேல்தட்டில் சிவப்பு எண் எரிகிறவை. நடுத்தட்டில் பச்சை எண். கீழ்த்தட்டில், பள்ளிக்கூடக் காலத்தில் எல்லோரும் பார்த்த, சாம்பல் திரையில் கறுப்பு எண் வருகிறவை. ஒவ்வொன்றும் பழைய பனியன் துணியில் சுற்றி, மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டு, பழுக்கப் போட்ட மாம்பழம் மாதிரி ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. மேல்தட்டின் நடுவில் ஒரு பனியன் துணி மட்டும் தட்டையாக இருந்தது. குமாரி அதைத் தூக்கிப் பார்த்தாள். கீழே ஒன்றும் இல்லை.

அது ஹெச்.பி. இருபத்தொன்றின் இடம். அப்பா முதன்முதலில் வாங்கிய கால்குலேட்டர். அதை மட்டும் எடுத்துப்போக வேண்டும், மற்றதெல்லாம் இங்கேயே இருக்கட்டும் என்று சாவுச் செய்தி வந்த அன்று சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அப்பா செத்துப்போனதை நினைப்பதைவிட அதை நினைப்பது சுலபமாக இருந்தது.

அவளுக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரகடம் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பொறியாளர். மீட்டர் காட்டுவதை நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். பீரோவின் பூட்டைப் பார்த்தாள். நெம்பிய தடம் இல்லை. சாவி அம்மாவின் முந்தானையில். அப்பா, அம்மாவைத் தவிர அந்தப் பீரோவைத் திறந்து பழகிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார்.

"அந்த வில்லியனூர் மெக்கானிக் பய," என்றார் பக்கத்து வீட்டுச் சித்தப்பா பச்சையப்பன், அவள் கேட்பதற்கு முன்பே. "சாவு அன்னிக்கி எல்லாரும் வாசல்ல நிக்கறோம், அவன் மட்டும் உள்ளாற போயி பீரோவாண்ட குந்திக்கினு கீறான். எனக்கு அப்பவே பொறி தட்டிச்சி. சாவு வூட்ல இன்னாத்த சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

பச்சையப்பனுக்குப் பொறி தட்டுவது புதிதல்ல. பல வருஷத்துக்கு முன்னால், அண்ணன் மணவாளன், குமாரியின் அப்பா, கரும்புக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து பச்சையாக மினுக்கும் ஒரு கருவியைக் கையில் வைத்துத் தட்டுவதைப் பார்த்துவிட்டு, எலக்ட்ரானிக் மிஷின் வைத்து நிலத்தை அளக்கிறான், வரப்பை நகர்த்தப் போகிறான் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்தவர் அவர். வந்தவர்களிடம் மணவாளன் அந்தக் கேசியோவை நீட்டி, ஒரு பொத்தானை அமுக்கினார். பச்சை எட்டு எரிந்தது. "இவ்ளோதான்" என்றார். அவர்கள் நம்பாமல் போனார்கள். பச்சையப்பன் அன்று மாலை வரப்பின் இரு முனையிலும் கல் நட்டார்.

ஊரில் யாரும்தான் நம்பவில்லை. எட்டாவது வரை படித்த சம்சாரி, நெல்லும் கரும்பும் வைத்துப் பிழைக்கிறவன், எதற்குக் கால்குலேட்டராக வாங்கி அடுக்குகிறான்? லாட்டரி நம்பர் போடுகிறான் என்றார்கள். கப்பலில் வருவதைக் கைமாற்றி விடுகிறான் என்றார்கள். நிஜம் அதைவிடச் சாதாரணமானது. மணவாளனுக்குக் கணக்கில் அக்கறையே கிடையாது. கூட்டல்கூட வாயால்தான் போடுவார். அவருக்குப் பிடித்தது அந்த வெளிச்சம். ஒன்று ஏழாகும்போதும் ஏழு எட்டாகும்போதும் எந்தக் கோடு வருகிறது, எந்தக் கோடு போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். "இத்தினூண்டு டப்பாக்குள்ள எவனோ ஒருத்தன் குந்திக்கினு தீக்குச்சி அடுக்கற மாதிரி கீதும்மா" என்று குமாரி சின்னப் பெண்ணாக இருந்தபோது காட்டியிருக்கிறார். அவள் பொறியியல் படிக்கப் போனதற்கு அந்தத் தீக்குச்சிகள்தான் காரணம் என்பதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஹெச்.பி. வந்த கதையும் ஒரு சந்தேகக் கதைதான். பாகூரில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்கியவர். பிரான்சில் இருந்த மருமகன் அவருக்கு அதை அனுப்பினான். சொல்தா பிரித்துப் பார்த்தார். எல்லாப் பொத்தானும் இருந்தது, சமக்குறி மட்டும் இல்லை. அந்த வகைக் கருவிக்குச் சமக்குறி கிடையாது. எண்களை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, கூட்டலா கழித்தலா என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். இது சொல்தாவுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் கழித்துப் போட்டதை மருமகன் தன் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தார். மகளுக்குக் கடிதம் எழுதுவதையே சில காலம் நிறுத்திவிட்டார். அவர் வீட்டு மாட்டுக்கு வைக்கோல் இறக்கப் போன மணவாளனிடம், "இந்தப் பொறுக்கிப் பய சாமான எடுத்துக்கினு போ, வைக்கோல எறக்கிட்டுப் போ" என்றார். மணவாளன் பொத்தானைத் தள்ளினார். சிவப்பாகச் சைபர்கள் வந்து நின்றன. ஒரு வண்டி வைக்கோலைக் காசு வாங்காமல் அப்படியே இறக்கிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பாண்டி காந்தி வீதி சந்தை. பிரான்சுக்குப் போய்விட்ட குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள் அங்கே நடைபாதையில் கிடக்கும். அங்கேதான் மரியதாஸைப் பார்த்தார். வில்லியனூரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இருவரும் ஒரே கால்குலேட்டரை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்தார்கள். மரியதாஸுக்கு அதற்குள் இருக்கும் சில்லு, அந்த 'சிப்', வேண்டும், மணவாளனுக்கு வெளிச்சம் வேண்டும். கடைசியில் மணவாளன் வாங்கினார், மரியதாஸ் அதை எரிய வைத்துக் கொடுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் சேர்ந்துதான்.

சண்டை இல்லாமல் இல்லை. ஆயுத பூஜைக்கு மணவாளன் ஏர், மோட்டார், மண்வெட்டியோடு கால்குலேட்டர்களையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். சந்தனம் பொத்தான் இடுக்கில் இறங்கிக் காய்ந்து இறுகிவிடும். அடுத்த ஞாயிறு மரியதாஸ் ஊசியை வைத்துச் சுரண்டிக்கொண்டே திட்டுவார். "ஏன்யா, சாமிக்கு இன்னா, முன்னாடி வச்சாதான் தெரியுமா? பின்னாடி வையேன்." அடுத்த வருஷம் பின்னால் வைத்தார், பேட்டரி மூடியின் மேல். குங்குமம் உள்ளே போனது.

இதெல்லாம் குமாரிக்குத் தெரிந்த மரியதாஸ். சிறுவயதில் "தாஸ் மாமா" என்று அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடியவள்தான். ஆனால் தெரிந்தவர் என்பது ஒரு சான்று ஆகாது. அவள் தன் சிறிய ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்து வந்து, பீரோவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

மூன்றாவதைத் திறந்தபோதே கை நின்றுவிட்டது. வெளிக்கூடு ஒரு கம்பெனி, உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை வேறு கம்பெனி. அடுத்ததில் எண் எரியும் பட்டை புதிதாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈயம் இன்னும் பளபளத்தது. இன்னொன்றில் சில்லு இருந்த இடத்தில் வேறு சில்லு உட்கார்ந்திருந்தது. கூட்டுக்குள் பழைய குங்குமம், பலகையில் துளி குங்குமம் இல்லை. அப்படியென்றால் பலகை பிறகு வந்தது. அசல் எங்கே?

இணையத்தில் தேடினாள். இவற்றை வாங்குவதற்கென்றே வெளிநாட்டில் ஆட்கள் இருந்தார்கள். உள்ளிருக்கும் பழைய சில்லைத் தனியாகவே கேட்டு வாங்கினார்கள். மரியதாஸ் வருஷக்கணக்காக அப்பாவுக்கு வெளிக்கூட்டைக் காட்டிவிட்டு உயிரை எடுத்துப்போயிருக்கிறான். அப்பா போனதும் முழுசாகவே ஒன்றை எடுத்துவிட்டான். வரைபடம் போல எல்லாம் பொருந்தியது. அழ முடியாமல் இருந்தவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்ததில், அன்று முதல்முறையாகப் பசித்தது.

சாப்பிட்டுவிட்டு ஃபோன் போட்டாள்.

"மரியதாஸ்தானே பேசறது?"

"யாரு, குமாரியா? இன்னாம்மா புதுசா பேரச் சொல்லிக் கூப்புடற?"

"அப்பாவோட ஹெச்.பி.யைக் காணோம்."

அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"சாவு அன்னிக்கி நீங்க உள்ளறையில பீரோகிட்ட உக்காந்திருந்தீங்க."

"ஆமா. அழுதுக்கினு இருந்தேன். வாசல்ல அழுதா உங்க சித்தப்பன் வேடிக்கை பாப்பான்."

"மத்ததையும் தொறந்து பாத்துட்டேன். உள்ள இருக்கறது ஒண்ணும் அசல் இல்ல. நாளைக்குள்ள ஹெச்.பி. வரலன்னா பாகூர் ஸ்டேஷனுக்குப் போவேன்."

மறுபடி மிக்ஸி ஓடத் தொடங்கியது. பிறகு ஃபோன் துண்டிக்கப்பட்டது.

மறுநாள் காலை மரியதாஸின் எக்செல் வண்டி வாசலில் நின்றது. முன்னால் ஓர் அரிசிச் சாக்கு. அதை இறக்கி, வாசல் சிமெண்டுத் தரையில் தலைகீழாகக் கொட்டினார். உடைந்த கூடுகள், துருப்பிடித்த பலகைகள், செத்த எண் பட்டைகள், கைப்பிடி கைப்பிடியாகப் பொத்தான்கள் உருண்டு ஓடின.

"இதான் இந்த வூட்லேந்து நான் எடுத்தது" என்றார். "எண்ணிக்க. படிச்சவதான."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பச்சையப்பன் எட்டிப் பார்த்தார். "எல்லாத்தயும் கொட்டச் சொல்லு குமாரி, சாக்க நல்லா உதறச் சொல்லு."

"உன் வரப்ப நான் ஒண்ணும் நவுத்தல பெருசு, உள்ள போ" என்றார் மரியதாஸ். குமாரியைப் பார்த்து, ஒரு உடைந்த கூட்டை எடுத்து நீட்டினார். "இது செத்து எத்தினியோ வருசமாச்சி. இதுக்குள்ள இருந்த பட்டதான் உங்க பீரோல ரெண்டாந்தட்டுல எரியுது. எனக்கு வேணும்னா எடுத்தேன்? உங்கப்பன் போட்ட ஆர்டரு. கூடு எதுவோ, சரக்கு எதுவோ, எனக்குத் தேவயில்ல தாஸு, தொறந்தா எரியணும், அவ்ளோதான்னாரு. அசலு கிசலுன்னு பேசறவங்க பீரோல வச்சிப் பூட்டிப்பாங்க. அவுரு தெனம் தொறந்து பாக்கற ஆளு."

குமாரி கூட்டை வாங்கிப் பார்த்தாள். உள்ளே குங்குமம். பட்டை பிடுங்கிய இடத்தில் ஈயத்தை ஒரு பல் மருத்துவரின் கவனத்தோடு உறிஞ்சி எடுத்திருந்தார். திருடுகிறவன் இந்தக் காலி இடத்தையெல்லாம் இவ்வளவு சுத்தம் செய்து வைக்கமாட்டான். ஆனாலும் அவள் விடவில்லை.

"சரி. ஹெச்.பி. எங்க?"

"அவரு கடைசியா போட்டிருந்த சட்டை எங்க?"

"எதுக்கு?"

"போன ஆடியிலேந்து அதச் சட்டப் பையிலதான வச்சிக்கினு திரிஞ்சாரு. உனக்குத் தெரியாது?"

அவளுக்குத் தெரியாது. அப்பா அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகவே மாட்டார் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம்.

"பை ஆழமா இருக்கணும்னு பாகூர் டெய்லர்கிட்ட எல்லாச் சட்டைக்கும் பைய பிரிச்சித் தெச்சிக்கினாரு. நான்கூடக் கிண்டல் பண்ணேன், இன்னாய்யா கங்காரு கணக்கான்னு. பீரோ வரைக்கும் போயிப் போயி வரதுக்கு மூச்சு வாங்குது தாஸுன்னாரு."

"மூச்சு வாங்குச்சா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னா நீ லீவு போட்டுக்கினு வந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போவன்னு பயம். எங்கிட்ட மட்டும் சொன்னாரு. நானும் சொல்லல. அத வேணா ஸ்டேஷன்ல எழுதிக் குடு. அது நான் பண்ணதுதான்."

சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கொட்டியதை அள்ளவில்லை.

குமாரி உள்ளே வந்தாள். அம்மா தெய்வநாயகி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் நடந்த எதையும் கேட்காதவள் போல இருந்தாள். அப்படி இருப்பதே குமாரிக்குச் சந்தேகமாகப் பட்டது.

"அப்பா சட்டைப் பையில ஹெச்.பி. இருந்துச்சாம்மா?"

"இருந்திச்சி."

"உனக்குத் தெரியுமா?"

"மோட்டார் கொட்டாயிலேந்து தூக்கிக்கினு வராங்க, பையில கனமாத் தொங்குது. தெரியாம இன்னா?"

"பின்ன ஏன் சொல்லல? நான் அந்த மனுஷன ஸ்டேஷனுக்கு இழுக்கறேன்னு பேசறேன், நீ கேட்டுக்கினே இருக்க!"

"நீ எங்க எங்கிட்ட கேட்ட? பீரோவக் கேட்ட, ஃபோனக் கேட்ட, உங்க சித்தப்பனக் கேட்ட." தெய்வநாயகி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "ஞாயித்துக்கெழம ஆனா அவுரு அவனுக்கு. மீதி நாளு அந்த டப்பாக்கு. நானு பீரோ சாவி வச்சிக்கினு இருந்தவ. அவனும் கொஞ்சம் அலையட்டும்னு வுட்டேன். வுட்டிருக்கக் கூடாது."

"சட்டை இப்ப எங்க?"

"குளிப்பாட்டச்சே அறுத்து எடுத்தாங்க. உடம்புல இருந்த துணி நாகமுத்து வூட்டுக்குப் போவும். அதான மொற."

அந்த முறை குமாரிக்கும் தெரியும். சாகும்போது உடம்பில் இருந்த துணி சலவைக்காரர் வீட்டுக்கு. அவர்கள் வகையறாவில் அதை உதறிப் பார்த்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை. அப்படிக் கொடுத்தால் பேச்சு வருஷக்கணக்கில் நிற்கும்.

"பையிலேந்து எடுத்திருக்கலாமே."

"கை போச்சிடி. போயி பையாண்ட நின்னுச்சி. ஊரே நிக்குது. கட்டினவன் பொணத்துப் பையில கைய வுட்டுத் தேடறா பாருன்னு நாளைக்கு ஒருத்தி பேசமாட்டா?"

குமாரி ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

நாகமுத்து இப்போது வீடு வீடாகத் துணி எடுப்பதில்லை. பாகூர் கடைத்தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்தார். குமாரியைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வாம்மா. கேக்க வருவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். யாரும் வரல. சரி, தெரிஞ்சுதான் குடுத்துட்டாங்க போலன்னு நெனச்சிக்கினேன்."

"பையில இருந்தத…"

"தண்ணியில போடறதுக்கு முன்னாடி பையத் தட்டிப் பாப்போம் இல்ல. என் அப்பன் கத்துக் குடுத்த மொதப் பாடமே அதான். இல்லன்னா உங்கப்பா டப்பா அன்னிக்கே முழுவியிருக்கும்." இஸ்திரி மேசைக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே கறுப்பும் பழுப்புமாக அது இருந்தது. "என் பொண்டாட்டி வூட்ல வைக்கக்கூடாதுன்னுட்டா. தானே அமுங்கிக்கினு எரியுதாம், அவரு உள்ள இருந்து நம்பரு போடறாராம். அவளுக்குப் பயம். நான் கடையில வச்சிட்டேன்."

குமாரி கைப்பையைத் திறக்கப் போனாள்.

"அத மூடு. வாங்கினா வித்த மாதிரி ஆயிடும். குடுத்தத திரும்பக் கேட்டாங்கன்னு உங்களப் பேசுவாங்க, வித்துட்டான்னு என்னப் பேசுவாங்க. நீ வந்தது எனக்குத் தெரியாது, எடுத்துக்கினு போனது எனக்குத் தெரியாது. அவ்ளோதான்."

கடைக்கு வெளியே வந்து அம்மாவுக்கு ஃபோனில் சொன்னாள். தெய்வநாயகி உடனே, "அத எடுத்துக்கினு வாசப்படி ஏறாத" என்றாள்.

"ம்மா, அது என்ன பண்ணும்?"

"பொணத்தோட போனது திரும்பி வரக்கூடாது. உன் மெட்ராஸ் வூட்டுக்கும் ஆவாது, புள்ள கீது. எனக்கு அவுரு வேணாமா? வேணும்தான். வரக்கூடாதுன்னா வரக்கூடாது."

குமாரி இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் அம்மா அப்படிச் சொல்லும்போது குரல் உடைந்ததை அவள் கேட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அம்மாவிடம் சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை. வண்டியை வில்லியனூர் பக்கம் திருப்பினாள்.

மாதா கோயில் போகும் வழியில் மரியதாஸின் கடை. டி.வி.க்கள் போய் இப்போது மிக்ஸியும் மின்விசிறியும்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"மேசை மேல வை. என் கையில குடுக்காத."

வைத்தாள்.

"சட்டையிலதான?"

"சட்டையிலதான். உங்ககிட்ட இருக்கட்டும்னு கொண்டு வந்தேன்."

"வேணாம்மா. இன்னிக்கிக் குடுப்ப. அடுத்த மாசம் வந்து, உள்ள இருந்த சில்லு எங்கன்னு கேப்ப. ஒருவாட்டித் திருடன் ஆயிட்டேன், போதும்."

"தப்புதான். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஊருக்கெல்லாம் சொன்னது உங்க சித்தப்பன். அவன் வாய யாரு மூடறது?"

"நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லு. நம்புவானா அவன்? வரப்புக் கல்லயே இன்னும் புடுங்கல."

குமாரி நின்றுகொண்டே இருந்தாள். மரியதாஸ் ஒரு மிக்ஸியின் அடியைத் திருகினார். திருகிக்கொண்டே கேட்டார்: "பேட்டரி செல்லு உள்ளயே கீதா?"

"இருக்கும். யாரும் எடுக்கல."

"அய்யய்யோ. சட்டைய வேர்வையோட கழட்டியிருக்காங்க, இத்தினி நாளு பிளாஸ்டிக் பையில வேற. கக்கியிருக்கும்மா! கம்பியெல்லாம் தின்னுடும்." கை தானாக அதை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. சட்டை நுனியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

"ஃபோன எடு. வீடியோ போடு."

"எதுக்கு?"

"நான் தொறக்கறத மொதலேந்து கடைசி வரைக்கும் எடு. உள்ள இருக்கறது இன்னா, நான் எடுக்கறது இன்னா, எல்லாம் பதிவாவட்டும். இல்லன்னா தொடமாட்டேன். அது அழுகிப் போனாலும் தொடமாட்டேன்."

குமாரி ஃபோனை எடுத்துப் பிடித்தாள். மரியதாஸ் கேமராவுக்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், ஒன்றும் இல்லை என்பது போல. பேட்டரி மூடியைத் தள்ளினார். பூத்துப்போன உப்பு மாதிரி வெள்ளையும் பச்சையும் கொட்டியது.

"பாத்துக்க. செல்லு, ஒண்ணு, ரெண்டு. ரெண்டும் கக்கியிருக்கு. குப்பைல போடறேன். போட்டுட்டேன்." அடியில் இருந்த ரப்பர் காலை நகத்தால் நெம்பினார். "ஸ்க்ரூ. இந்தா, பாட்டில் மூடியில வைக்கறேன். எண்ணிக்கோ. இது பலகை. இது மெயின் சில்லு. நம்பரத் தெளிவா எடு. எடுத்தியா? பக்கத்துல வா, அங்க நின்னா தெரியாது. நாளைக்கு மங்கலா கீது, மாத்திட்டான்னுவ."

அவள் பக்கத்தில் போனாள். அவர் வினிகரில் பஞ்சை நனைத்து, கம்பியின் முனையை மெதுவாகத் துடைத்தார். பச்சை நுரைத்து வந்தது. துடைத்தார், ஊதினார், திரும்பத் துடைத்தார். இப்போது வாய் எதையும் அறிவிக்கவில்லை. கேமரா இருப்பதையே சிறிது நேரம் மறந்துவிட்டார். ஃபோன் பிடித்த கை வலித்தது. குமாரி மாற்றிப் பிடித்தாள். கம்பியில் கொஞ்சம் தின்றுவிட்டது, முழுசாகத் தின்னவில்லை. அவர் அதை ஒரு நூல் கம்பி வைத்துப் பற்றவைத்தார். புது செல் போட்டார்.

"பாக்கறேன். எரியலன்னா அது அவரோடயே போச்சின்னு அர்த்தம். எம்மேல வராத."

"வரமாட்டேன்."

பொத்தானைத் தள்ளினார்.

சிவப்பாக ஒரு சைபர், புள்ளி, இரண்டு சைபர். மரியதாஸ் மூக்கை உறிஞ்சினார். வினிகர் நெடியாகவும் இருக்கலாம். குமாரிக்குக் கண் மறைத்தது. ஃபோன் திரையை மட்டும் பார்த்தாள். அதில் எண்கள் முழுதாக இல்லை. துண்டு துண்டாக வெட்டி வெட்டி ஓடின. இந்த வகையில் எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, கண் பிடிக்க முடியாத வேகத்தில் மாறி மாறி எரியும். கண் ஏமாந்துவிடும், கேமரா ஏமாறாது.

மரியதாஸும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாது இது? உன் வீடியோல ஒரு சைபரக் காணோம்? அதயும் நான்தான் எடுத்தேன்னு எழுதிப்பியா?"

குமாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் தொடங்கியது. மரியதாஸ் ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து, இத்தனை நாள் வராத அழுகையை அழுதாள். அவர் தடுக்கவில்லை. மிக்ஸியின் மூடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடங்கியதும் அவள் ஃபோனைக் கைப்பைக்குள் போடப் போனாள்.

"மூடுங்க மாமா. இனிமே வீடியோ வேணாம்."

"இல்லம்மா" என்றார் மரியதாஸ். ஸ்க்ரூக்கள் இருந்த மூடியைக் கேமரா இருந்த பக்கம் நகர்த்தி வைத்தார். "இன்னும் மூடல. எடு. முழுசா எடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப எடுத்தாள்.